பேச்சியம்மாள் இருவரில் இறந்தவர் எவர் என்பது குறித்து

அனுப்புநர்:
ம. பேச்சியம்மாள்,
த/பெ. மந்திரமூர்த்தி,
மேலத் தெரு, வடகரை,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தென்காசி.

பொருள்: என் பெயரில் பதிவாகியுள்ள இறப்பு, உண்மையில் இறந்த என் ஒன்றுவிட்ட தங்கையுடையது எனத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் உயிருடன் இருக்கிறேன். தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கடந்த ஆடி மாதம் குற்றாலத்தில் நான் இறந்துவிட்டதாகப் பதிவு உள்ளது. அன்று இறந்தவள் என் ஒன்றுவிட்ட தங்கை; என் சித்தியின் மகள். அவள் பெயரும் பேச்சியம்மாள். அவள் தந்தை பெயரும் மந்திரமூர்த்தி.

2. எங்கள் வகையறாவில் ஒவ்வொரு வீட்டிலும் தலைப்பிள்ளை ஆணானால் மந்திரமூர்த்தி, பெண்ணானால் பேச்சியம்மாள் என்று குலதெய்வக் கோயிலில் முடியிறக்கும்போது பெயரிடுவது வழக்கம். ஊரில் எவரும் எங்களை அந்தப் பெயரால் அழைப்பதில்லை. நான் 'படிச்சவ'. பாவூர்சத்திரத்தில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் இன்னொரு பேச்சியம்மாள் 'சந்தைக்காரி'. புளியங்குடியில் கமிஷன் கடையில் எலுமிச்சை தரம் பிரித்த என் தங்கை 'எலுமிச்சங்காய்க்காரி'. எங்களுக்குள் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

3. கணவர் விட்டுச் சென்றபின், சாரல் காலத்தில் மட்டும் அவள் குற்றாலத்துக்கு வந்து எலுமிச்சை ஜூஸ் விற்பாள். அப்படி அவள் வந்த லோடு ஆட்டோ மழையில் கவிழ்ந்தது. எங்கள் மாமா சுடலைமுத்துதான் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார். அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். ரயில் டிக்கெட் எடுப்பதற்காக நான் அனுப்பியிருந்த என் ஆதார் படம் அவர் கைப்பேசியில் இருந்தது. அதைக் காட்டிவிட்டார். "பேரு சரியா இருந்துச்சு, அப்பன் பேரும் சரியா இருந்துச்சு. படத்தைப் பாக்க அப்பம் எனக்குக் கண்ணு எங்கட்டி தெரிஞ்சுச்சு" என்று என்னிடம் அழுதார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

4. என் வங்கிக் கணக்கு முடங்கியது. குடும்ப அட்டையில் என் பெயர் இல்லை. இணையவழியில் அளித்த மனு, 'மனுதாரர் காலமானதாகப் பதிவில் உள்ளது' என்ற குறிப்புடன் முடித்துவைக்கப்பட்டது. இவற்றை ஒருவாறு பொறுத்துக்கொள்கிறேன்.

5. பொறுக்க முடியாதது வேறு. பதிவு அலுவலர், "நீங்கதான் உசுரோட நிக்கியளே, ஒரு மனு எழுதித் தாங்க, ரத்து பண்ணிருவோம்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். என் தங்கையின் இறப்பை யார் பதிவது என்று மருத்துவமனையில் கேட்டேன். "அன்னைக்கு இங்க செத்தது ஒரு பேச்சியம்மாதான், ரெண்டு பேரு இல்லையே" என்றார்கள். ஆகவே என் பதிவை மட்டும் ரத்து செய்தால், அன்று யாருமே இறக்கவில்லை என்றாகும்.

6. அவளுக்கு ஒரு மகள். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். தலைப்பிள்ளையாயினும் பேச்சியம்மாள் என்று பெயரிட என் தங்கை இணங்கவில்லை. "எம் மவ பேரைச் சொன்னா எம் மவ மட்டுந்தான் திரும்பிப் பாக்கணும்" என்று கோயில் வாசலிலேயே சண்டையிட்டு, அபர்ணா என்று வைத்தாள். அந்தப் பிள்ளைக்கான உதவித்தொகைக்கும் விடுதியில் சேர்ப்பதற்கும் தாயின் இறப்புச் சான்று கேட்கிறார்கள். நாங்கள் கொண்டு செல்லும் சான்றில் என் ஆதார் எண் இருக்கிறது. தாயின் சொந்த ஆதார் எண்ணின்படி அவள் உயிருடன் இருப்பதால் உதவிக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். அபர்ணா இப்போது என்னிடம் இருக்கிறாள். அம்மா இருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்களே, எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடை சொல்வதே என் வேலை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே தங்களுக்கு எழுதுகிறேன்.

7. எனவே, என்னை உயிருடன் இருப்பவளாகவும் அவளை இறந்தவளாகவும் ஒரே ஆணையில் அறிவிக்க வேண்டுகிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்ய இயலாதெனில், என்னுடையதை மட்டும் திருத்த வேண்டாம். அவள் இறந்ததற்கு இருப்பது அந்த ஒரு தாள்தான்.

என் கையொப்பத்தில் ஐயம் எழலாம். அவளும் இதே எழுத்துகளில்தான் கையெழுத்திடுவாள். தாங்கள் அழைக்கும் நாளில் நேரில் வருகிறேன். அபர்ணாவையும் அழைத்து வருகிறேன். எங்களில் எவள் அவளுடைய அம்மா இல்லை என்பதை அவள் சொல்வாள்.

இடம்: வடகரை
நாள்: 17.11.2025

பணிவுடன்,
ம. பேச்சியம்மாள்