மன்னித்ததாகச் சொல்ல மாட்டேன்

சனிக்கிழமை, இரவு

பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் கதை சொல்லும் கூட்டத்தில் இன்று என் கதையைச் சொன்னேன். சொந்த வாழ்க்கையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. என் மனைவி செல்வி சீனக் குடும்பத்தில் பிறந்து, தமிழ்க் குடும்பத்தில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவள். அதற்காகவே என் அண்ணன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவள் இறந்தபோதும் வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

கூட்டத்தை நடத்தும் பெண் பின்னாலேயே வந்தாள்.

"அங்கிள், கதை சூப்பர்லா! அடுத்த மாசம் பெரிய ஹால்ல சொல்லுங்க. கடைசியில அண்ணனை மன்னிச்சிட்டேன்னு மட்டும் சேர்த்துக்குங்க. எல்லாரும் அழுதுடுவாங்க."

"நான் மன்னிக்கலையேம்மா."

"சும்மா ஒரு வரிதானே அங்கிள்?"

"வாசல்ல உண்மைக் கதைன்னு போர்டு போட்டிருக்கீங்க. முதல்ல அதைக் கழட்டுங்க, அப்புறம் சேர்க்கறேன்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்படியானால் பெரிய ஹாலில் எனக்கு இடமில்லையாம். இல்லாமல் போகட்டும். கைதட்டலுக்காகச் செல்வியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அண்ணன் இன்னும் பக்கத்து ஊரான கிள்ளானில்தான் இருக்கிறார். அவள் சாவுக்குக்கூட ஏன் வரவில்லை என்ற கதை அவரிடம்தான் இருக்கிறது. அந்த மேடையில் ஏறி அவரே சொல்லட்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.