படகுக்கு அட்வான்ஸ் கிடையாது

என்னங்க,

என் வாய்க்கு ராத்திரி நீங்கள் போட்ட விலை மூன்று லட்சம். "காசு போனாப் போகுது, நீ வாயை மூடு ஆத்தா!" என்றீர்களே, எனக்கு அது கட்டுப்படியாகாது.

சுற்றுலாக்காரர்களை ஏற்ற நீங்கள் போட்டோ பார்த்தே மூன்று லட்சத்துக்குப் பேசி முடித்த ரப்பர் படகை நேரில் பார்க்கக் கொச்சிக்குக் கிளம்பிவிட்டேன். ஏலக்காய்ச் சாக்கில் அடிவரை கையை விட்டுப் பார்க்காமல் நாம் விலை பேசியதுண்டா? விற்கிறவரிடம் நேற்றே போனில் காற்றடித்து வைக்கச் சொல்லிவிட்டேன். தொய்ந்திருந்தால் சோப்புத் தண்ணீர் தடவி ஓட்டையைக் கண்டுபிடிப்பேன். படகின் அடிப்பாகம் ஃபைபர்; அதில் விரிசலைப் புதுப் பெயிண்ட் மறைக்கிறதா என்றும் தட்டிப் பார்ப்பேன்.

குழம்பு அடுப்பில் இருக்கிறது. செக்புக் என் பையில், தேட வேண்டாம்.

பொன்னுமணி

படகு தேறினால் நான் மன்னிப்புக் கேட்கிறேன், தேறாவிட்டால் நீங்கள். "வாயை மூடு" என்றதற்குத் தனியாக ஒன்று, படகு எப்படியிருந்தாலும் பாக்கி.