அப்பா மாட்டினார், நீ முறுக்கவில்லை

என் செல்லச் சுண்டெலிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், அப்பா சௌக்கியம், அவருடைய பழைய காரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல்லிவிடு. ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். இந்தக் கதையை நான் ஃபோனில் ஆரம்பித்தால் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்துவார், கடைசியில் நீங்கள் இரண்டு பேரும் பிரேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள், நான் அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். இப்போது அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஊர்க்கதை பேசாமல் எழுந்திருக்க மாட்டார், அதனால் எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

சமையலறை ஜன்னல் ஒருவழியாக ஒழுங்காக மூடுகிறது. அடுத்த வீட்டுப் பூனை ஷெட்டில் உன் பழைய வேலைச்சட்டை மேல் குட்டி போட்டிருக்கிறது. அப்பா அதை விரட்டவும் மாட்டேன் என்கிறார், அந்தச் சட்டையைத் துவைக்கவும் விடமாட்டேன் என்கிறார். என் முழங்கால் மழை வந்தால் முனகுகிறது, மற்ற நாளில் சொன்னபடி கேட்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ ஃபோனில், "அந்தக் காரை வித்துடுங்கப்பா, சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ போகிற போக்கில் சொன்னாய். அப்பா "சரிம்மா" என்று ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டார். நான் பேசி முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், ஏற்கெனவே பளபளவென்று இருக்கிற கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருக்கிறார். "அவளுக்கே வேணாம்னா அப்புறம் யாருக்காக வெச்சிருக்கறது" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓட்டை உடைசலாக வந்து இறங்கிய வண்டி அது. நீ பள்ளிக்கூடப் பையை வாசலிலேயே எறிந்துவிட்டு அதற்கு அடியில் அப்பா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாய், சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு ஜோடி கால் மட்டும்தான் வெளியே தெரியும், பதில் வராது. அதை வேறு ஒருவர் ஓட்டிக்கொண்டு போவதை நான் எப்படிப் பார்ப்பது?

ஆனால் அப்பா முடிவு செய்துவிட்டார். தெருக்கோடியில் இருக்கிற பல் டாக்டருக்கு அந்தக் காரின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். செய்தி காதில் விழுந்ததும் ஓடி வந்துவிட்டார். பானட்டைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார், ஒரு நிமிஷம் இன்ஜினை வாயைத் திற என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். அப்பா முதல் நாளே நாலு சக்கரத்தையும் கழற்றி, பிரேக்கைச் சுத்தம் செய்து, திரும்ப மாட்டினார். இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். உங்கள் ஷெட்டின் சட்டம் எனக்கும் தெரியும், ஒருத்தர் மாட்டணும், இன்னொருத்தர் முறுக்கணும். நீ சின்னவளாக இருந்தபோது விரலால் நட்டை மாட்டுவாய், அவர் ஸ்பானர் போட்டு முறுக்குவார். அப்புறம் அவருக்குத் தோள் வலி வந்தது, உன் கைக்கும் பலம் வந்தது, அதனால் அவர் மாட்டிவிட்டுத் தகரத்தில் டொக் டொக் என்று தட்டுவார், நீ வந்து முறுக்குவாய். அன்றைக்கும் மனுஷன் எல்லா நட்டையும் விரலால் மாட்டினார், டொக் டொக் என்று தட்டினார், கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்க வந்துவிட்டார். அந்தத் தட்டல் சத்தம் எனக்குச் சமையலறையில் கேட்டது. வேலை முடிந்தது போல என்று நானும் இருந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டர் ஸ்டியரிங்கில், அப்பா பக்கத்தில், நான் பின் சீட்டில். என்னை யாரும் கூப்பிடவில்லை, கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்துகொள்கிறேன் என்று நானே ஏறிவிட்டேன். நல்ல வேளை, டாக்டர் நத்தை வேகத்தில் ஓட்டுகிறவர். பேக்கரி திருப்பத்தில் கடகடவென்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாக ஆட ஆரம்பித்தது, டாக்டர் ஓரமாக நிறுத்திவிட்டார். அப்பா இறங்கிப் போய் முன் சக்கரத்து நட்டைத் தொட்டார், அது விரலோடு சுற்றியது. அடுத்த சக்கரத்துக்குப் போனார், அதுவும் அப்படியே. நாலு சக்கரமும் அப்படியே. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன சார், என்னைக் கொல்லப் பாத்தீங்களா" என்று கேட்டார். அப்பா ரொம்ப நிதானமாக, "நான் மாட்டிட்டேன் சார், முறுக்க வேண்டியது என் பொண்ணு" என்றார். டாக்டர், "உங்க பொண்ணு எங்கே" என்றார். "அவ வெளிநாட்டுல இருக்கா" என்று சொன்னார் பார், சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நான் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவும் சிரித்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. டாக்டர் நடந்தே போகிறேன் என்று கிளம்பிவிட்டார், பாவம், செருப்பைக்கூட வண்டியிலேயே விட்டுவிட்டார்.

அப்புறம் யார் முறுக்கியது என்று நினைக்கிறாய்? நான்தான். அப்பா டிக்கியில் இருந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார், என் கைக்கு அசையவில்லை, அதனால் அதன் மேல் ஏறி நின்றேன். என் எடையைப் பற்றி அப்பாவும் மகளும் இத்தனை வருஷம் கிண்டல் செய்தீர்களே, அன்றைக்கு அதுதான் எங்களை வீடு கொண்டுவந்து சேர்த்தது. பேக்கரிக்காரர் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஷெட்டில் வேலை. நட்டை வரிசையாக முறுக்கக் கூடாது, எதிரெதிராக முறுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நேற்று அப்பா அடியில் படுத்துக்கொண்டு கையை நீட்டினார், என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லவே மாட்டேன் என்கிறார், நான் கையில் இருந்த கரண்டியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதை வைத்து என்னவோ செய்து பார்த்துவிட்டு, "சுண்டெலியா இருந்தா இந்நேரம் பன்னெண்டாம் நம்பர் ஸ்பானரைக் குடுத்திருப்பா" என்றார். குடுத்திருப்பாள்தான், ஆனால் அவளுக்குச் சோறு ஆக்கத் தெரியாதே என்றேன்.

காரை இன்னும் விற்கவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை சரியாகக் கேட்டுவிட்டுத்தான் என்று அப்பா நிறுத்தி வைத்திருக்கிறார், ஆனால் கேட்க வாய் வரவில்லை, அதனால் நான் கேட்கிறேன். அவர் தோள் வலியோடு தனியாகக் கஷ்டப்படுகிறாரே என்றுதான் நீ அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னைப் பெற்றவள், இதுகூடவா தெரியாது? உண்மையிலேயே வேண்டாம் என்றால் சொல், அவர் தாங்கிக்கொள்வார், நான் பார்த்துக்கொள்கிறேன். வேண்டும் என்றால் அதையும் நீயே உன் வாயால் அவரிடம் சொல், நான் சொன்னால் சமாதானம் சொல்கிறேன் என்று நினைப்பார். அங்கே உன் வண்டியில் ஆயில் பார்த்தாயா என்று அவர் கேட்கச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன். இரண்டுக்கும் பதில் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், எந்தக் குறையும் இல்லாமல் நீ சந்தோஷமாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. லீவு எப்போது என்று மறக்காமல் எழுது. இப்போதெல்லாம் அப்பா வருவது தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும், பின்னால் நம்பர் பிளேட் கடகடவென்று ஆடிக்கொண்டே வரும். சத்தம் தாங்காமல் நேற்று நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "அதை விடு, அது அவ முறுக்க வேண்டியது" என்றார்.

இப்போதைக்கு உன் இடத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும்,
உன் அம்மா