கூடத்துச் சுவரில் ஒரு கதவு

அக்கா,

வயரிங் மாற்றுவதற்காகக் கொத்தனார் இன்று காலை கூடத்துச் சுவரைக் கொத்தினார். மழை ஈரத்தில் ஊறிய பழைய சுண்ணாம்பின் வாசனை வீடெங்கும் எழுந்தது. "இன்னாம்மா, இது ஒரு வூடா, நாலு வூடா? ஒவ்வொரு செவுரும் ஒவ்வொரு தினுசா கீது" என்றார். நீங்கள் இருந்திருந்தால் அவரை உட்காரவைத்து மொத்தக் கதையும் சொல்லியிருப்பீர்கள்.

நான் மருமகளாக வந்த வாரம் எனக்கும் அப்படித்தான் சுற்றிக் காட்டினீர்கள், மூத்த மருமகள் என்ற தோரணை கொஞ்சமும் இல்லாமல். தாம்பரம் வயலும் மாடுமாக இருந்த காலத்தில், ஓர் ஆங்கிலேயர் தம் ஊர்ப் பண்ணைவீட்டை நினைத்துக் கட்டியது இது. கனத்த சுவர்களோடு இரண்டே அறைகள், ஒட்டினாற்போல் மாட்டுக்கொட்டகை. இந்த வெயிலில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் வேறு! "அதுல குளிர் காய்ஞ்சாரா, இல்ல ஊர நெனச்சு அழுதாரா, தெரியல" என்று சிரித்தீர்கள். அவருக்குப் பின் வாங்கியவர் ஓட்டு வராந்தா சேர்த்தார். நம் மாமனார் கொட்டகையைச் சமையலறையாக்கி, மேலே கான்கிரீட் மாடி எழுப்பினார். கணப்பு அடுப்புக்குள் நீங்கள் அரிசி டிரம் வைத்திருந்தீர்கள்.

மாமனார் போனபின் பாகம் பிரிப்பதில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். பேச்சு நின்றது. கூடத்தின் நடுவே சுவர் எழும்பத் தொடங்கியது. சமையலறை எங்கள் பக்கம், கிணறு உங்கள் பக்கம். இரண்டு வரிசை செங்கல் வைத்ததுமே நீங்கள் வந்து நின்றீர்கள்.

"இங்க ஒரு கதவு வைங்க."

"பிரிக்கறதுக்குத்தான் செவுரு. கதவு எதுக்கு?" என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

"அவ தண்ணிக்குத் தெருவைச் சுத்தி வரணுமா? கதவு இல்லன்னா நானும் அந்தப் பக்கமே போயிடறேன்."

கொட்டகையைச் சமையலறையாக்கியபோது கழற்றிப் போட்டிருந்த, அந்த ஆங்கிலேயத் துரை காலத்துத் தேக்குக் கதவைப் பொருத்தினார்கள். கன்றுக்குட்டிகளுக்காகச் செய்த கதவு, குனிந்துதான் போகவேண்டும். நாம் இருவரும் நாள் முழுக்கக் குனிந்து போய்வந்தோம். அண்ணனும் தம்பியும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு என் கணவருக்கு டெங்கு வந்தது. செய்தி கேட்டதும், தெருவைச் சுற்றப் பொறுமையில்லாமல், உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கதவு வழியாகவே ஓடிவந்தார். குனிய மறந்து நெற்றியில் பலமாக இடித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்தவர் பதறி, "பார்த்து வாண்ணா!" என்றார். அத்தனை மாதங்களில் அதுதான் முதல் வார்த்தை. அண்ணன் நெற்றியைத் தேய்த்தபடி கட்டிலருகே உட்கார்ந்து அழுதார். நாம் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

என் கணவர் தேறியபின் சுவரையே இடித்துவிடலாம் என்றார்கள். நீங்கள்தான் தடுத்தீர்கள்: "இருக்கட்டும். சண்டை வந்தா ஆளுக்கொரு பக்கம் வேணுமில்ல?"

நீங்கள் போனபின், சுவருக்கு உங்கள் பக்கம் இப்போது உங்கள் மருமகள் இருக்கிறாள். வந்த புதிதில் ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டு, "சின்னத்தை, உள்ள வரலாமா?" என்று நிற்பாள். ஒருநாள், "கேட்டுக்கிட்டு நிக்காத, இது உன் வீடு. வந்து அரிசியக் களை" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, நான் இங்கே வந்த புதிதில் நீங்கள் எனக்குச் சொன்னது அது என்று. அந்தச் செல்ல அதட்டல்கூட மாறவில்லை.

அவள் உள்ளே வந்து, புடவையைச் செருகிக்கொண்டு, கணப்பு அடுப்புக்குள் இருந்த உங்கள் அரிசி டிரம்மைத் திறந்தாள்.