பதில் சொல்லக் கூடாத கேள்வி

2004 மே 31, திங்கள். ஆம்பூர்.

வெயில் தாங்கல. ஸ்கூல் திறக்க இன்னும் ஒரு வாரம். வாங்க வேண்டியது: ரீஃபில், உளுந்து, தங்கச்சி குழந்தைக்கு ஜபலா.

இவரோட வேலூர் போய்ட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் இவரைக் குழாய் மாதிரி மெஷினுக்குள்ள படுக்க வெச்சு, ரெண்டு ரெண்டு படமா காட்டி, ஒண்ணு தேர்ந்தெடுத்து பட்டனை அமுக்கச் சொன்னாங்களாம். அப்போ மூளையில் எந்த இடம் வேலை செய்யுதுன்னு பார்க்க. வெளியே வந்து, "அமுக்கிட்டேன் புஷ்பா. சரியா அமுக்கினேனான்னு கேக்கத்தான் உள்ள ஆளே இல்ல"ன்னார். சிரிச்சேன். அப்புறம் பாவமாப் போச்சு.

டாக்டரம்மா சொன்னது: முடிவெடுக்கத் தெரியாம இல்ல. ஒரு வேலை முடிஞ்சா மூளை 'போதும்'னு மணி அடிக்கணும். இவருக்கு அது லேட்டு. அதான் பூட்டை ஒன்பது தடவை இழுக்கிறார், பாதி வழியில் திரும்பறார். "நீங்க 'பூட்டிட்டீங்க'ன்னு சொல்லிச் சொல்லி அவருக்காக மணி அடிக்கிறீங்க டீச்சர். இனிமே பதில் சொல்லாதீங்க."

பதினோரு வருஷமா அடிச்சிருக்கேன்.

ஜூன் 2, புதன்.

புழுக்கம். காலையில் இவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்ல, "பூட்டினேனா?" நான் கம்முனு நின்னேன். மறுபடி கேட்டார். மறுபடி. மூஞ்சி சுண்டிப்போச்சு. ஷூ கம்பெனியில் இவர் செக் பண்ணி அனுப்பின ஜோடி ஒண்ணுகூட திரும்பி வந்ததில்லன்னு பேரு. அந்த மனுஷன் வாசல்ல இப்படி நிக்கிறார்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான்: "இன்னா டீச்சர், ஒரு வார்த்தை சொன்னா இன்னா கொறஞ்சிடுவீங்க?"

அங்க சொல்லாததை இங்க எழுதிக்கிறேன். பூட்டினீங்க. நான் பார்த்தேன். நல்லாவே பூட்டினீங்க.

ஜூன் 4, வெள்ளி.

இன்னிக்கு மூணே இழுப்பு!

ஞாயிறு வாலாஜாவில் தங்கச்சி குழந்தைக்கு ஞானஸ்நானம். இவர்தான் ஞானத்தகப்பன். அவ கல்யாணத்துக்கும் பாதி வழியில் திரும்பினோம், வளைகாப்புக்கும் திரும்பினோம். போன்ல சொல்லிட்டா: "இந்தத் தடவையும் மாமா வரலன்னா வேற ஆளை நிக்க வெச்சுடுவேன்க்கா." இவருக்கும் கேட்டுச்சு. சாப்பிடவே இல்ல.

டாக்டரம்மா ஏற்பாடு: அன்னிக்கு நான் பூட்டணும். இவர் பார்க்கக் கூடாது.

ஜூன் 6, ஞாயிறு.

காலையில் தூறல். குடை, கேக் டப்பா, ஜபலா, பை எல்லாம் என் கையில். நான் பூட்டினேன், அமுக்குப் பூட்டு. இவர் தெருவைப் பார்த்து நின்னார். ஒண்ணும் கேக்கல. பஸ் ஏறிட்டோம்.

பள்ளிகொண்டா தாண்டினதும் எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. பூட்டை அமுக்கினேனா? ஞாபகமே இல்ல.

"ஏங்க, நான் பூட்டினேனா?"

"பதில் சொல்லக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

திமிரு. ஆனா வாலாஜா வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தார். இதையா இந்த மனுஷன் தினமும் சுமக்கிறார்னு நெனச்சேன். ஒரு நாளுக்கே எனக்கு முடியல.

நேரத்துக்குப் போய்ட்டோம். குழந்தையை ஏந்தி நின்னார். தங்கச்சி அழுதா.

சாயங்காலம் வந்து பார்த்தா பூட்டு திறந்து தொங்குது. எனக்கு உயிரே இல்ல. போச்சு, இனி இவர் வாசல் தாண்டவே மாட்டார்னு நெனச்சேன். உள்ள போய் ஒரு சுத்து பார்த்தார். எல்லாம் இருந்த இடத்துல இருக்கு. கட்டில்ல நூர்ஜஹான் வீட்டுப் பூனை.

"ஒண்ணும் ஆவலியே புஷ்பா"ன்னார். ஆச்சரியமா, மெதுவா.

காபி போட்டுக் கொடுத்தேன். "சர்க்கரை போட்டேனா?"

ஒரு வாய் குடிச்சார். என்னைப் பார்த்தார். பதில் சொல்லல.