குர்லாவில் கொடுத்த பொய்ப் பெயர்

அண்ணா,

இன்று காலை செம்பூர் லேபில் ரத்தம் எடுக்கும் பெண் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் கையைத் துடைத்தாள். அந்த வாசனை போதும், அரைக்கைச் சட்டையோடு நீ என் கண்முன் வந்து நின்றுவிட்டாய்.

உனக்கு அப்போது இருபத்தாறு வயது. யாரோ காதருகே திட்டுவதாகச் சொல்லி ஆபீஸுக்குப் போவதை நிறுத்தியிருந்தாய். டாக்டர் கொடுத்த புது மாத்திரையில் குரல்கள் அடங்கின. "ரத்தத்திலே வெள்ளணு குறையலாம். வாராவாரம் பார்க்கணும். ஜுரமோ தொண்டை வலியோ வந்தா உடனே ஓடி வரணும்" என்றும் அவர் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயம் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் நிறைந்த நம் கிங்ஸ் சர்க்கிளில் ஒருவர் தும்மினால் அடுத்த தெருவில் கஷாயம் வைப்பார்களே! அதனால் அப்பா உன்னை, நம்மை யாருக்கும் தெரியாத குர்லா லேபுக்கு அழைத்துப் போய், ராமநாதன் என்று பொய்ப் பெயர் கொடுத்தார். லேப்காரர்கள் ரிப்போர்ட்டை நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ராமநாதன் என்று ஒரு நோயாளியே இல்லை என்பது அப்பாவுக்கு உறைக்கவில்லை. எனக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டார் வந்தார்கள். கூடத்தில் சொஜ்ஜி, பஜ்ஜி. உன்னை உள்ளறையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நான் நமஸ்காரம் செய்து எழுந்தபோது நீ முகம் சிவந்து நிலைப்படியில் நின்றாய்.

"அப்பா, தொண்டை வலிக்கறது. ஜுரமும் இருக்கு."

"அப்புறம் பார்த்துக்கலாம், உள்ளே போடா." அப்பா பல்லைக் கடித்தார்.

நீ போகவில்லை. பிள்ளையின் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினாய். "மன்னிச்சுக்கோங்கோ மாமி. நான் மனசுக்கு மாத்திரை சாப்பிடறேன். இப்போ ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். என் தங்கைக்கு ஒரு குறையும் இல்லை, தங்கமானவ."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாய். "கெடுத்துட்டியே பாவி!" என்று மாடிப்படியில் நின்று கத்தினேன். அந்த வரன் அன்றே தட்டிப்போயிற்று. ஆனால் வரனை நினைத்து எனக்கு இன்று வருத்தமில்லை. அந்த வார்த்தையை நினைத்தால்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது வெள்ளணு அடியோடு விழுந்திருந்தது. மாத்திரையை நிறுத்தி உன்னைத் தனியறையில் வைத்தார்கள். முந்தின வாரமே குறையத் தொடங்கியதைச் சொன்ன ரிப்போர்ட், ராமநாதன் பேரில், கேட்பாரற்று ஆஸ்பத்திரி ஆபீஸ் மேஜையில் கிடந்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று டாக்டர் முடிக்காமல் நிறுத்தினார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஜுரம் விட்ட பிறகு அழுதபடி வந்தேன். நீயோ சிரித்தாய். "நான் பிழைச்சுட்டேன்டி. பாவம், ராமநாதன் என்ன ஆனான்னு குர்லாவிலே விசாரி."

அதன்பின் வேறு மாத்திரை, வேறு லேப்கள். எங்கே போனாலும் இனிஷியலோடு உன் பெயரைச் சத்தமாகச் சொல்வாய். எவ்வளவு தைரியம் உனக்கு!

எட்டு வருஷமாக எனக்கும் மனசுக்கு மாத்திரை, அண்ணா. அதன் அளவை ரத்தத்தில் பார்க்கத்தான் இன்று போனேன். ஊசிக்கு முன்னால், கவுண்டரில் இருந்தவள் மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி இந்தியில் நோயாளியின் பெயரைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, பேஷண்ட் கா நாம்?"

பின்னால் நாற்காலிகளில் எங்கள் காலனிக்காரர்கள். ஒரு நொடி, ஏதோ ஒரு பொய்ப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு என் பெயரைச் சொன்னேன், இனிஷியலோடு, கடைசி நாற்காலிவரை கேட்கும்படி.