தள்ளிப் படு

மார்ச் 3, திங்கள்

குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அறிவிப்புப் பலகையில் என்னவோ ஒட்டியிருக்கிறது என்று கத்தினார்கள். வாயில் நுரையோடு போய்ப் பார்த்தேன். வார்டன் க்வேனர் மேடத்தின் கையெழுத்து. பட்டியலில் பெயர் இல்லாத எவரும் அறைகளில் தங்கக் கூடாதாம். ஏப்ரல் 4 விடுதிக் குழுக் கூட்டத்தில் முடிவாகுமாம். அதன் பிறகு அறை அறையாகச் சோதனையாம்.

எங்கள் அறையில் கட்டில் நாலு, ஆள் ஏழு. மிச்ச மூன்று பேரும் தொத்திகள். குலுக்கலில் கட்டில் விழாமல், சிநேகிதி அறையில் தொத்திக்கொண்டவர்கள். லாடி ஆறு மாதமாக என் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே பாய் போட்டுப் படுக்கிறாள். ஊர் போல்கடாங்கா, பஸ்ஸில் ஒரு முழு நாள். இங்கிருந்து துரத்தினால் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போவதைத் தவிர அவளுக்கு வழியில்லை.

படித்துவிட்டு அவள் இரண்டு பக்கெட்டையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். தொத்திகளுக்கு எழுதாத சட்டம் அது: தண்ணீர் தூக்குவது, அறையைப் பெருக்குவது.

அந்தத் தாளைக் கிழித்துப் போட வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

விடுதித் தலைவிக்குத்தான் அந்தக் குழுவில் நாற்காலி உண்டு. தேர்தல் 21ஆம் தேதி. போகுவா நிற்கிறாள். காலையிலேயே சுவரொட்டி வந்துவிட்டது, பல்லெல்லாம் தெரிகிறது. 'நம் அறை நமக்கே.' தொத்திகளை அனுப்புவதுதான் அவள் முதல் வாக்குறுதி.

மத்தியானம் வாச்சே, அதுதான் காராமணிச் சோறு, சாப்பிடும்போது கோபத்தில் வாயை விட்டேன்: "வேற யாரும் நிக்கலைன்னா நானே நிக்கிறேன்."

ஷோர்மே, என் மேல்கட்டில்காரி, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். எங்கே போகிறாள் என்று பார்த்தால் மனுத் தாளோடு வந்து நிற்கிறாள்.

"கையெழுத்துப் போடு."

"ஏய், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி."

"எனக்குப் பேச்செல்லாம் காதுல விழாது. போடு."

போட்டேன். எசினாம் அக்போசு, மூன்றாம் ஆண்டு, விடுதித் தலைவி வேட்பாளர். எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

வேட்பாளர் தகுதிக் குழு. மூன்று சீனியர்கள் மேசைக்குப் பின்னால் நீதிபதி மாதிரி. ஓரத்தில் க்வேனர் மேடம், கையில் விசிறி. விடுதிப் பாட்டில் இரண்டாவது அடி கேட்டார்கள். முதல் அடியே எனக்குச் சந்தேகம், ராகத்தை வைத்துச் சமாளித்தேன்.

பிறகு மேடமே கேட்டார்: "உன் அறையில எத்தனை பேரும்மா?"

ஏழு என்றால் லாடி இன்றே வெளியே. நாலு என்றால் பொய்.

"கட்டில் நாலு மேடம். நாலும் நிரம்பியிருக்கு."

மேடம் விசிறியை நிறுத்தி என்னையே பார்த்தார். சிரித்தாரா இல்லையா, இன்னும் தெரியவில்லை. தேறிவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

ஷோர்மே கோஷம் கண்டுபிடித்துவிட்டாள்: 'தள்ளிப் படு!' நான் வேண்டாம் என்றேன், அசிங்கமாக இருக்கிறது என்றேன். மாலைக்குள் மூன்று பிளாக்கிலும் அதுதான் கேட்கிறது. துணி துவைக்கிறவள் கூடப் பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பாடுகிறாள். என் பேச்சை யார் கேட்கிறார்கள்?

மார்ச் 14, வெள்ளி

இன்று மாலை முற்றத்தில் கொள்கை விளக்கக் கூட்டம்.

எங்கள் விடுதி வழக்கப்படி, பேச்சு பிடிக்காவிட்டால் கூட்டம் பாட ஆரம்பித்துவிடும். பேசுகிறவள் உட்காரும்வரை நிறுத்தாது. போகுவா ஒலிபெருக்கியோடு ஏறினாள். 'நம் அறை' என்றாள், 'நமக்கே' வருவதற்குள் பாட்டு. பாவம், ஐந்து நிமிஷம் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு இறங்கினாள். எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கொஞ்சம்தான்.

நான் ஏறியதும் கப்சிப். "இந்த விடுதியில யாராவது தரையில படுத்தா, அவ நம்மளோட ஆள்தான்" என்றேன். முற்றமே அதிர்ந்தது. என்னைத் தோளில் தூக்கினார்கள்! ஒரு செருப்பு போயிற்று. போகட்டும்.

ஜெயித்தாகிவிட்டது. எழுதக் கூடாது, இருந்தாலும் எழுதுகிறேன்.

மார்ச் 15, சனி

முட்டாள். முட்டாள். முட்டாள்.

காலையில் வாக்காளர் பட்டியல் ஒட்டினார்கள். ஷோர்மே தன் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள், நமக்குத்தான் ஓட்டு என்று சத்தியம் செய்தவர்கள் பெயரெல்லாம் இருக்கும் நோட்டு. திரும்பி வந்தவள் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எசினாம், நம்ம கூட்டத்துல பாதிக்கு மேல ஓட்டே இல்லடி."

"என்ன உளர்ற?"

"ஓட்டு விடுதிப் பட்டியல்ல உள்ளவளுக்குத்தான். நேத்து உன்னைத் தூக்குனவ, பாடுனவ, பக்கெட் தட்டுனவ, பூராவும் தொத்திங்க!"

எப்படி இது என் மண்டையில் ஏறவில்லை? பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்காகத்தானே நிற்கிறேன்! அப்புறம் பட்டியலில் பெயர் இல்லையே என்று அதிர்ச்சி அடைகிறேன். பன்னிரண்டு நாளாக அவர்கள் பாய்க்குப் பாய் போய்க் கைகுலுக்கினேனே, பக்கத்துக் கட்டிலில் போர்த்திக்கொண்டு கிடந்தவளிடம் ஒரு வணக்கமாவது சொன்னேனா? இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

கட்டில்காரிகளைப் பார்க்கக் கிளம்பினோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். நாலாவது மாடியில் ஒரு சட்ட மாணவி: "உன் பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா என் சோப்பு வாரத்துக்கு ஒண்ணு கரையுது. நான் ஒருத்திதான் குளிக்கிறேனா?" சோப்பு கரைவது உண்மைதானே.

அவளுடைய தொத்தி கதவோரம் தலை குனிந்து நின்றாள். அவளைப் பார்த்துவிட்டுச் சட்டக்காரி, "இவளைப் போகச் சொல்லணும்னு நான் சொல்லல" என்று முணுமுணுத்தாள்.

ஓட்டுப் போட வருவாயா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை அவளுக்கு வகுப்பு இல்லையாம், தூங்கப் போகிறாளாம். முக்கால்வாசிப் பேரும் அதையேதான் சொன்னார்கள். தொத்திகள் போகவேண்டும் என்கிறவர்கள் மட்டும் கட்டாயம் வருவார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

விலகிவிடலாமா? லாடியிடம் மன்னிப்புக் கேட்டேன். மரவள்ளி ரவையைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கரண்டி நீட்டினாள்.

"எங்ககிட்ட ஓட்டு இல்ல, சரி. ஆனா ஓட்டு இருக்கறவளோட பக்கெட்டு எங்ககிட்டதான் இருக்கு."

"புரியலையே."

"வெள்ளிக்கிழமை காலைல விரல்ல மை காட்டுனாத்தான் தண்ணி மேல வரும்."

ஷோர்மே சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினாள். எனக்கு உறுத்தியது. இது மிரட்டல் ஆகாதா? கேட்டேன். லாடி கரண்டியை வைத்தாள். "யாருக்குப் போடுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டோம். எழுந்து போய்ப் போடுன்னுதான் சொல்வோம். எங்களைப் போகச் சொல்றதா இருந்தா, அதையும் தூங்கிட்டுச் சொல்ல வேண்டாம். எழுந்து வந்து சொல்லட்டும்."

ஆறு மாதத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 21, வெள்ளி

ஐயோ, இன்றைக்குப் பார்க்கவேண்டுமே!

ஏழு மணிக்கு ஓட்டுப்பெட்டி திறந்தார்கள். குழாயடியில் தொத்திகள் வரிசையாக, காலடியில் நிறைந்த பக்கெட்டுகள், ஒருத்தியும் அசையவில்லை. மாடியிலிருந்து குரல்கள்: "ஏய் தண்ணி எங்கே?" "என்னடி ஆச்சு உங்களுக்கு?" கீழிருந்து ஒரே பதில்: "விரலைக் காட்டு!"

எட்டரைக்கெல்லாம் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். துண்டு கட்டியவள், தலையில் பாதிப் பின்னல் பின்னியவள், வாயில் பிரஷ் வைத்தவள், திட்டிக்கொண்டே வந்தவள். வரிசை முற்றத்தைச் சுற்றி இரண்டு மடிப்பு போட்டது. மை வைத்துக்கொண்டு திரும்பியதும் ஒரு தொத்தி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். க்வேனர் மேடம் வெளியே வந்து, "இதென்ன, தேர்தலா குளியலறையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாதிப் பேர் எரிச்சலில் போகுவாவுக்குக் குத்தியிருப்பார்கள். நிச்சயம்.

மார்ச் 22, சனி

412 – 403.

நான்தான் 412!

போகுவா கை கொடுக்க வந்தாள். முகம் கடுகடு என்றுதான் இருந்தது. "ஒண்ணு சொல்லவா? என் அறையிலயும் ஒரு தொத்தி இருக்கா, என் சித்தி பொண்ணு. நேத்து அவ என்னையே தண்ணிக்கு நிறுத்திட்டா. நான் துண்டோட வந்துதான் எனக்கே ஓட்டுப் போட்டேன்." சொல்லி முடிக்குமுன் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் அழும்வரை சிரித்தோம். நல்ல பெண்தான் போலிருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

குழுக் கூட்டம். பயந்துகொண்டேதான் போனேன். மேடம் தீ விபத்து என்றார், தண்ணீர்த் தொட்டி என்றார். எல்லாம் நியாயம். நான் பேசத் தயாரித்த தாள் வியர்வையில் ஒட்டிக்கொண்டது. அதனால் இன்னொரு தாளை நீட்டினேன். தொத்திகள் எல்லோருடைய பெயரும் அறை எண்ணும், அவர்களே கைப்பட எழுதியது. பிடிபட வேண்டாம் என்று ஒளிந்திருந்தவர்கள் துணிந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மேடம் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். "இத்தனை பேரா என் கூரைக்குக் கீழ?" என்றார். பிறகு குழுவோடு உட்கார்ந்து அறைக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

முடிவு: கட்டில்காரிகள் போக அறைக்கு இரண்டு தொத்திகள், பெயர் பதிந்து தங்கலாம், வருஷ முடிவுவரை. காலியாகும் கட்டில் அந்த அறைத் தொத்திக்கே.

தலைவிக்குக் கீழ்த்தளத்தில் தனி அறை உண்டு என்பதால் என் கட்டில் காலி. அதில் லாடி! ஓடிப்போய்ச் சொன்னேன். மெத்தையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

தலைவி அறையில் முதல் புகார் நாள். புதிய நோட்டு, புதிய பேனா. ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி முதல் ஆளாக வந்தது யார்? லாடி. எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலில் ஓர் அதிகாரம், இதுவரை நான் கேட்காதது.

"தலைவி, எங்க அறைத் தொத்திங்க ரெண்டு பேரும் விடிகாலை நாலு மணிக்கே லைட்டைப் போட்டுப் படிக்கிறாங்க. ஒரு மனுஷி தூங்க வேண்டாமா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன். புகார் எண் ஒன்று. "சரி, ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடலாமா?"

அவளுக்கு வந்ததே கோபம்! "யாருடி வெளிய அனுப்பச் சொன்னா? லைட்டை அணைக்கச் சொல்லுன்னுதானே சொன்னேன்!"